இலவசமாய் வந்த காவல்

கம்ப்யூட்டரைத் திறந்தால் மிளகாய் நெடி வரும். முதலில் விசிறியின் இரைச்சல், நடுவில் ஒரு செருமல், பிறகு பெட்டியின் பின்புறத் துளைகள் வழியாக வெதுவெதுப்பாக ஒரு காற்று. அந்தக் காற்றில் மிளகாய் இருக்கும். நான் குடியிருப்பது திருவனந்தபுரத்தில், சாலை என்று பெயருள்ள கடைத்தெருவில், ஒரு மிளகாய் மண்டியின் மாடியில். கீழே மூட்டை இறங்கும் காலைகளில் என் ஜன்னல் வழியே சிவப்பாக ஒரு மூச்சு ஏறி வரும். மேஜைக்கடியில் இருக்கும் பெட்டி அதை வருஷக்கணக்காக உள்ளே இழுத்துப் படியவைத்திருக்கிறது. சூடேறினால் அது வறுக்கத் தொடங்கிவிடும். சட்டியில்லை, எண்ணெயில்லை, சாப்பிட ஆளுமில்லை. ஆனாலும் வேலை முடிந்து வந்து நான் அதைத் திறக்கும் நேரத்தில் என் அறையில் எவரோ தாளிக்கிறார்கள்.

இன்று சாயங்காலம் அந்த நெடியில் இருமல் வந்தது. இருமி முடித்துக் கண்ணைத் துடைத்தபோது போன ஆவணி ஞாபகத்துக்கு வந்தது. ஆவணி என்று நான்தான் சொல்லிக்கொள்வேன். இந்த ஊர் அதைச் சிங்ஙம் என்று சொல்லும், அந்த மாதம் முழுக்கக் கல்யாணம் செய்துகொள்ளும்.

ஊரார் கல்யாணம்தான் என் சாப்பாடு. தைக்காட்டில் ஒரு சின்ன அச்சகத்தில் மலையாளம் தட்டுகிற வேலை எனக்கு. மணமகன் பெயர், மணமகள் பெயர், முகூர்த்தம், ஆடிட்டோரியம், உங்கள் வருகையை எதிர்பார்க்கும் இன்னார் இன்னார். வேலை குவிகிற மாதத்தில் பென் டிரைவில் ஏற்றி வீட்டுக்கும் கொண்டுவருவேன். அப்படிக் கொண்டுபோய்க் கொண்டுவந்ததில் ஒரு நாள் அச்சகத்துக் கம்ப்யூட்டர்களில் இருந்த கல்யாணங்கள் எல்லாம் காணாமல் போயின. ஒவ்வொரு கோப்புப் பெட்டிக்கும் பதிலாக ஒரு சின்ன அம்புக்குறி முளைத்த போலிப் பெட்டி. திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. தோண்டித் தோண்டி அவற்றை மீட்டெடுக்க ஒரு நாள் முழுதும் ஆயிற்று. சாயங்காலம் முதலாளி என் பென் டிரைவைச் செத்த பல்லியை எடுப்பதுபோல் இரண்டு விரலால் எடுத்து என் உள்ளங்கையில் போட்டார். வீட்டில் ஆன்டிவைரஸ் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். இலவசமாகவே கிடைக்கிறதே, அதைக்கூடப் போடாமலா ஊரார் கல்யாணத்தைத் தூக்கிக்கொண்டு திரிகிறாய் என்றார். போட்டுவிட்டு வா, அதுவரைக்கும் வீட்டிலிருந்து ஒன்றும் இங்கே வரக்கூடாது என்று முடித்துவிட்டார்.

நியாயமான பேச்சு. எனக்குத்தான் இத்தனை வருஷம் தோன்றவேயில்லை. என் பெட்டியில் திருட என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

ஒன்றே ஒன்று இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் மற்றது எதுவும் புரியாது.

அப்பா சாலைக்குப் பிழைக்க வந்தவர். நான் இங்கே பிறந்து, மலையாளப் பள்ளியில் படித்து, மலையாளத் தட்டச்சு பழகினேன். தமிழ் எனக்குக் காதிலும் நாக்கிலும் இருந்தது. வாசிப்பை நானாகத்தான் கற்றுக்கொண்டேன். கையால் எழுதினால் மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்து. ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் அடுத்த வரி பறந்துவிடும். விரல்களோ மலையாள மிஷினின் கட்டைகளை மட்டுமே கண்ணை மூடிக்கொண்டு அறியும். உள்ளே தமிழும் விரல் நுனியில் மலையாளமுமாக, இரண்டுக்கும் நடுவில் மணிக்கட்டில் எங்கோ என் வரிகள் செத்துக்கொண்டிருந்தன.

அப்போதுதான் கல்யாணமான முதல் வருஷம். அவள் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவள், மலையாளி. கரமனையில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். நான் திணறுவதைப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து எனக்காக ஒரு சின்ன புரோகிராம் செய்தாள். மலையாளத் தட்டச்சில் 'க' இருக்கும் கட்டையைத் தட்டினால் திரையில் தமிழ் 'க' விழும். அவளுக்குத் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல அவள் ஒரு தாளில் குறித்துக்கொண்டாள். எங்கள் க-வுக்கு நாலு உருவம் உண்டே, உங்களுடைய மற்ற மூன்றும் எங்கே என்று கேட்டாள். இல்லை, ஒன்றுதான் என்றேன். மிச்சமான கட்டைகளில் என்ன வைக்கட்டும் என்றாள். காலியாக விடு என்றேன். இத்தனை காலி இடத்தை வைத்துக்கொண்டு எப்படி ஒரு பாஷையை நடத்துகிறீர்கள் என்று சிரித்தாள். இன்றைக்கும் அந்தக் கட்டைகளில் விரல் தவறிப் பட்டால் டிக் என்று ஒரு சத்தம் மட்டும் வரும், எழுத்து வராது. அந்தச் சத்தத்தில் எனக்கு அந்தச் சிரிப்பு கேட்கும்.

அதில் எழுதித்தான் நான் எழுத்தாளன் ஆனேன். சின்னப் பத்திரிகைகளில் வந்த வசன கவிதைகள், இரண்டு மெலிந்த புத்தகங்கள், எல்லாமே அந்த வழியாக வந்தவை. அவள் எனக்கு ஒரு கதவு செய்து கொடுத்தாள். நான் உள்ளே போய்ச் சாத்திக்கொண்டேன். சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. வாசித்துக் காட்டச் சொல்வாள், இன்னும் முடியவில்லை என்பேன். முடிந்ததும் அடுத்ததைத் தொடங்கியிருப்பேன். என் வீட்டுக்காரர் என்ன எழுதியிருக்கிறார் என்று பக்கத்து வீட்டுத் தமிழ் மாமியிடம் போய்க் கேட்கவேண்டியிருக்கிறது என்று ஒரு நாள் சொன்னாள். அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் ஒருவேளை எனக்கு உறைத்திருக்கும். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு கையெழுத்துப் போட்டுப் பிரிந்தோம். இரண்டு வருஷம் முன்பு அவள் மறுபடி கல்யாணம் செய்துகொண்டாள். நல்ல மனிதர் என்று கேள்வி. கொச்சியில் வேலை, சனிக்கிழமை ரயிலில் வருவார், திங்கட்கிழமை விடியலில் போவார்.

புரோகிராம் என்னோடு மாடிக்கு வந்தது. அது இல்லாவிட்டால் எனக்கு எழுத வராது. போனில் தமிழ் எழுத்து கிடைக்கும்தான். ஆனால் பால்காரருக்கு நாளை வேண்டாம் என்று சொல்லத்தான் கட்டைவிரல் லாயக்கு.

ஆக, இலவச ஆன்டிவைரஸ் தேடத் தொடங்கினேன். முதலாவதை இறக்கி, எல்லாவற்றுக்கும் சம்மதம் சம்மதம் என்று அழுத்திக்கொண்டே போனேன். ஒரு பச்சைக் கோடு நிதானமாக நகர்ந்து பெட்டி முழுவதையும் மோந்து பார்த்தது. அம்புக்குறி வைரஸைப் பிடித்தது. சந்தோஷமாக டீ போடப் போனேன். திரும்பி வந்தால் இன்னொன்றையும் பிடித்து வைத்திருந்தது. சிவப்புக் கட்டத்துக்குள் என் தமிழ். உளவு மென்பொருள் என்று எழுதியிருந்தது. நீங்கள் தட்டும் ஒவ்வொரு விசையையும் இது கவனிக்கிறது என்று ஒரு வரி விளக்கம். நான் படித்து முடிப்பதற்குள், ஆபத்து நீக்கப்பட்டது என்று பச்சையாகிவிட்டது.

நின்றுகொண்டே டீயைக் குடித்தேன். கவனிக்காமல் எப்படி? கட்டையைத் தட்டினால் அதைக் கவனித்து எழுத்தாக மாற்றுவதுதானே அதன் பிழைப்பு. இந்த நகரத்தில் நான் எழுதும் ஒவ்வொரு எழுத்தையும் கவனிக்கிற ஒன்றே ஒன்று அது. அதைத்தான் குற்றம் என்கிறது.

அவள் அப்போதே ஒரு சி.டி.யில் போட்டுக் கொடுத்திருந்தாள். மேலே மார்க்கர் பேனாவில், மலையாளத்தில், 'தமிழ்' என்று எழுதியிருக்கும். அலமாரியில் தேடி எடுத்து அதிலிருந்து மறுபடி ஏற்றினேன். சி.டி.யை உள்ளே தள்ளும்போதே காவல்காரன் கத்தினான். அவனை அழித்துவிட்டு இரண்டாவதைப் போட்டேன்.

இரண்டாவது சாது. தமிழைத் தொடவில்லை. சந்தேகமாக எதையாவது பார்த்தால் என்னைக் கேட்டது. இதற்கு மட்டும் விலக்கு உண்டு என்று குறித்துவைக்க ஒரு பட்டியலும் வைத்திருந்தது. ஆனால் நான் வீட்டிலிருக்கும் நாட்களில் நாலு மணி சுமாருக்குத் திரையின் மூலையில் ஒரு விளம்பரம் எழும்பும். சோபாவில் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, பெண், பையன், நாலு பேரும் ஒரே மடிக்கணினியைப் பார்த்து ஒரே மாதிரிச் சிரிக்கிறார்கள். இன்றே உங்கள் முழுக் குடும்பத்தையும் பாதுகாத்துக்கொள்ளுங்கள் என்று கீழே எழுதியிருக்கும். பிறகு பார்க்கலாம் என்று ஒரு பொத்தான் உண்டு, வேண்டாம் என்று கிடையாது. ஏற்றும்போதே எத்தனை பேர் உபயோகிக்கிறீர்கள் என்று கேட்டதற்கு ஒன்று என்று குறித்திருந்தேன். அப்படியும் வந்தார்கள். விடுமுறை நாட்களில் நாலு மணிக்கு நான் அவர்களுக்காகக் காத்திருக்கக்கூடத் தொடங்கினேன். பையனுக்கு ஒரு பல் விழுந்திருந்தது. இரண்டு வாரம் இப்படிக் குடும்பமாக இருந்த பிறகு ஒரு நாள் அது தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டது. புதுப்பித்த கையோடு தமிழைத் தின்றுவிட்டது.

மூன்றாவது எதையும் தின்னவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவை நான் தட்டத் தொடங்கும்போதும் பெட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஒரு எழுத்துத் தட்டிவிட்டு அது திரையில் விழும்வரை ஜன்னல் வழியே பத்மநாபசாமி கோயில் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். 'மழை' என்று எழுதினேன். ழை வருவதற்குள் மழை நின்றுவிட்டது. அதையும் அழித்துவிட்டு, வேறு வழியில்லாமல் இரண்டாவதையே திரும்பக் கொண்டுவந்தேன். விலக்குப் பட்டியலில் தமிழைச் சேர்த்தும் அது மறுபடி தின்றுவிட்டது.

மண்டிக்காரர் திருநெல்வேலி அண்ணாச்சி. இறங்கிப் போகும்போது என் முகத்தைப் பார்த்து என்ன சங்கதி என்று கேட்டார். முடிந்தவரை சொன்னேன். எடைக்கல்லைத் தட்டிக்கொண்டே கேட்டுவிட்டு அவர் சொன்னது:

"நானும் குடவுன்ல எலிக்கின்னு ஒரு பூனை வளத்தேன் பாத்துக்கிடுங்க. சும்மாதான் வந்துச்சு, காசா பணமா. எலியத் தொடல. மத்தியானத்துக்கு வச்சிருந்த மீனத் தின்னுட்டு மூட்டை மேல படுத்துக்கிட்டு. இப்பம் பூனைக்குப் பயந்து டிபன் பாக்ஸ பூட்டி வைக்கேன்."

பூனை எங்கே என்று கேட்டேன். மூட்டை மேல்தான் இருந்தது. அண்ணாச்சி அதற்கு ஒரு கிண்ணம் கூட வாங்கி வைத்திருந்தார்.

பதினொரு நாள் எழுதவில்லை. எழுதாவிட்டால் செத்துவிடமாட்டேன், அப்படியெல்லாம் இல்லை. ஆனால் அச்சகம் விட்டு வந்து, குளித்து, கஞ்சி வைத்து, பாத்திரம் கழுவிய பிறகு மாலையில் நிறைய மிச்சமிருந்தது. அத்தனை வருஷம் அது தெரியவில்லை. நடந்தேன். பழவங்காடிப் பிள்ளையார் கோயில் வரைக்கும் போய், தேங்காய் உடைக்கிற சத்தத்தைக் கேட்டுவிட்டுத் திரும்புவேன். மனதில் ஒரு வரி வரும். சாலை முனை வரைக்கும் அதைத் தூக்கிக்கொண்டு வருவேன், தேங்காய்த் தண்ணீரைக் கையில் ஏந்திக்கொண்டு வருவதுபோல. மாடிப்படி ஏறும்போது ஒன்றும் இருக்காது.

அப்புறம் அந்த ஒரு வரி அரித்தது. ஒவ்வொரு விசையையும் இது கவனிக்கிறது. மூன்று காவலில் இரண்டு ஒரே பெயரைச் சொல்கிறது. ஊரே சொல்கிறபோது வீட்டிலிருப்பவனையும் ஒரு பார்வை பார்க்கத் தோன்றுமே, அதுபோல. அவளா? எனக்கா? வெட்கமாக இருந்தது. ஆனால் சந்தேகம் வெட்கத்தைப் பார்த்து ஒதுங்குகிற சாதியில்லை. கடைசியில் அவளுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். மலையாளத்தில்தான். நீ செய்த புரோகிராமை ஆன்டிவைரஸ் வாழவிடமாட்டேன் என்கிறது, என்ன செய்ய? மறு நாள் பதில் வந்தது. வியாழக்கிழமை ஹர்த்தால், ஆபீஸ் இல்லை, வந்து பார்க்கிறேன்.

ஹர்த்தால் அன்றைக்குச் சாலைத் தெரு ஒரு ஞாயிற்றுக்கிழமை போலவே கிடந்தது. கடைப் பலகைகள் எல்லாம் சாத்தியிருந்தன, மாடு மட்டும் நடுத்தெருவில். பஸ் கிடையாது, ஆட்டோ கிடையாது. ஸ்ரீகாரியத்திலிருந்து அவள் தன் ஸ்கூட்டரிலேயே வந்துவிட்டாள். படியேறியதும் இரண்டு தும்மல் போட்டாள். முடி முன்பக்கம் நரைத்திருந்தது. எனக்கும்தான். ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு இரண்டு பேரும் கம்ப்யூட்டரைப் பார்த்தோம்.

எங்கள் வீட்டுப் பாஷை என்று ஒன்று இருந்தது. நான் என் திருவனந்தபுரத் தமிழில் சொல்வேன், அவள் மலையாளத்தில் பதில் சொல்வாள், இடையில் இரண்டும் கலந்துவிடும். அவள் சொன்னதை என் காதில் விழுந்த தமிழிலேயே இங்கே எழுதுகிறேன்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். விலக்குப் பட்டியலைத் திறக்கச் சொன்னாள். பார்த்தாள். திரையில் தெரிகிற அடையாளப் படத்துக்குத்தான் நான் விலக்குக் கொடுத்திருக்கிறேன், புரோகிராம் இருப்பது வேறெங்கோ உள்ளே என்றாள். வாசலில் மாட்டியிருக்கும் பெயர்ப் பலகைக்குப் பாதுகாப்புக் கேட்டிருக்கிறேன், ஆளை விட்டுவிட்டேன். இவ்வளவுதான் விஷயம் என்று சி.டி.யைப் போட்டு ஏற்றினாள். பெட்டிக்குள் பெட்டியாகத் திறந்து புரோகிராம் இருக்கும் இடத்துக்குப் போனாள். அங்கே கை நின்றது.

அந்த இடத்தில் வேறொரு கோப்பும் இருந்தது. காவல்காரர்கள் யாரும் அதைத் தொட்டிருக்கவில்லை. வெறும் எழுத்துதானே, அதனால். திறக்க வெகு நேரம் எடுத்தது. திறந்ததும் முழுக்க மலையாளம்.

அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். செய்த காலத்தில், எங்கே தப்பு விழுகிறது என்று பார்ப்பதற்காக, தட்டுவதையெல்லாம் ஒரு கோப்பில் எழுதிவைக்கச் சொல்லியிருந்தாளாம். தனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, அதனால் அதை மலையாள எழுத்தில் எழுதவைத்திருந்தாள். பத்து நாளில் எடுத்துவிட நினைத்தாள். மறந்துவிட்டாள்.

"ஆன்டிவைரஸ் சொன்னது சரிதான், அல்லே?" என்றாள். "நான் உளவாளிதான்."

பதினெட்டு வருஷம். நான் எழுதிய ஒவ்வொன்றும், நாள் வாரியாக, தேதி கிழமையோடு. தமிழ்ச் சொற்கள், மலையாள எழுத்தில். அழித்தவையும் இருந்தன. அழிக்கிற கட்டையைத் தட்டியபோதெல்லாம் அது ஒரு சின்னக் கட்டம் வரைந்து வைத்திருந்தது. ஒரு சொல், பின்னாலேயே நாலைந்து கட்டங்கள். சில இடங்களில் பக்கம் முழுதும் கட்டங்கள், குளியலறைத் தரை மாதிரி.

அவள் வாசிக்கத் தொடங்கினாள். வாய்விட்டு, எழுத்துக் கூட்டி, மலையாள ராகத்தில் இழுத்துக்கொண்டு. ஒவ்வொரு சொல்லும் அவள் வாயில் முதலில் சத்தமாக இருந்து, ஒரு நொடி கழித்து அர்த்தமாவதை நான் முகத்தில் பார்த்தேன். கிணறு, வெயில், பொன்முடி ஏறும் பஸ், ஈரத் துணி. இரண்டு புத்தகத்திலும் இருந்த வரிகள். பக்கத்து வீட்டு மாமியிடம் கேட்காமல் அவள் அவற்றை அறிவது அதுதான் முதல் தடவை. கோப்பை இறக்கிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். பிரிந்த வருஷம்.

"இன்று கரண்ட் போனது. மெழுகுவர்த்தி எங்கே வைப்பாய் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்."

அதன் பின்னால் வரிசையாகக் கட்டங்கள்.

"இது எனக்கா?"

"ம்."

"கரண்ட் இல்லாம எப்படி டைப் பண்ணினீங்க?"

"வந்த பிறகு."

"கரண்ட் வந்த பிறகு மெழுகுவர்த்தி எதுக்கு?"

அவள் சிரிக்கவில்லை. சமையலறையில் இரண்டாவது இழுப்பறை என்று, திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கரமனை வீட்டில். இப்போது அங்கே யாரோ குடியிருக்கிறார்கள்.

மேலும் இறக்கினாள். இப்போது வாய்விட்டு வாசிக்கவில்லை, உதடு மட்டும் அசைந்தது. எந்த இடம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. 'உன் கல்யாணச் செய்தி வந்தது. நல்லது.' கட்டங்கள். 'சந்தோஷம்.' கட்டங்கள். மறுபடி 'நல்லது.' கட்டங்கள். பிறகு செய்தி முழுதுக்குமாக நீளமாகக் கட்டங்கள். என் கண்ணில் அவை ஒவ்வொன்றும் ஒரு ஜன்னல் போல இருந்தன, விளக்கு இல்லாத ஜன்னல். ஜன்னலை எண்ணுவதை விட்டுவிட்டு எழுந்து போய் டீ போட்டேன். பால் பொங்கும்வரை அந்தப் பக்கத்திலிருந்து சுட்டெலியின் சத்தம் வந்துகொண்டேயிருந்தது. டிக், டிக். நான் பாலைக் கிளறிக்கொண்டே இருந்தேன்.

டீயை வாங்கிக்கொண்டு, நீங்கள் எனக்கு எழுதி அழித்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமையாகவே இருக்கிறதே என்றாள். சாலைத் தெரு அன்றைக்குத்தான் சாத்தியிருக்கும், கீழே ஒரு சத்தம் இருக்காது என்றேன். அவள் டீயை ஊதினாள். அந்தப் புரோகிராம் பிறந்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான். அதை நான் சொல்லவில்லை.

பிறகு ஆபீஸில் இருப்பதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். எழுதிவைப்பதை நிறுத்தவேண்டுமென்றால் புரோகிராமையே மாற்றவேண்டும். அதன் மூல நிரல் பழைய கம்பெனிக் கம்ப்யூட்டரில் இருந்தது, எப்போதோ போயிற்று. இப்படியே வைத்துக்கொண்டால் அது கவனித்துக்கொண்டேதான் இருக்கும், எழுதிக்கொண்டேதான் இருக்கும். வேண்டாமென்றால் இந்த நிமிஷமே நீக்கிவிடலாம், காவல்காரனும் நிம்மதியாக இருப்பான். நான் வேறு விசைப் பலகை பழகிக்கொள்ளலாம். வயசு ஒன்றும் ஆகிவிடவில்லை.

"என்ன செய்யணும்? சொல்லுங்க."

"இருக்கட்டும்," என்றேன்.

"இந்தக் கோப்பை மட்டும் அழிக்கட்டா?"

"அதுவும் இருக்கட்டும்."

என் முகத்தைப் பார்த்தாள். விலக்குப் பட்டியலில் சரியான இடத்தைச் சேர்த்தாள், கோப்பையும் சேர்த்தாள். புதுப்பித்துப் பார்த்தாள். தமிழ் உயிரோடு இருந்தது. காவலும் இருந்தது. மூலையில் சோபாக் குடும்பம் எழும்பியது. இவர்கள் யார் என்றாள். மணி நாலாகிவிட்டது என்றேன்.

எனக்கு அப்போது ஒரு ஆசை வந்தது. அந்தக் கோப்பின் ஒரு பிரதியை அவள் எடுத்துக்கொண்டு போகவேண்டும். முதல் முறையாக வாசிக்க முடிகிற எழுத்தில் இருக்கிறது. பென் டிரைவை எடுத்து நீட்டினேன். வாங்குவதற்குக் கையை நீட்டியவள், பாதியில் இழுத்துக்கொண்டாள்.

"உங்க பென் டிரைவா? என் லேப்டாப்பிலயா? வேண்டா."

இரண்டு பேரும் சிரித்தோம். அவள் சிரித்த பிறகும் கையை நீட்டவில்லை. நான் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

படியிறங்கிப் போனோம். மண்டி சாத்தியிருந்தாலும் நெடி இருந்தது, மறுபடி தும்மினாள். பூனை பலகைக்கடியில் இருந்து எட்டிப் பார்த்தது. ஸ்கூட்டர் வெயிலில் நின்று சூடாகியிருந்தது. சீட்டைக் கையால் தட்டி, துப்பட்டாவை மடித்து மேலே போட்டு உட்கார்ந்தாள். ஹெல்மெட்டை மாட்டினாள். கண்ணாடியை இறக்கவில்லை. தெரு அந்த முனை வரைக்கும் காலியாகக் கிடந்தது.

"இனி எனக்கு ஏதாவது எழுதினா அழிக்க வேண்டா," என்றாள். "போன் பண்ணுங்க."

"எடுப்பியா?"

அவள் சாவியைத் திருப்பினாள். வண்டி உறுமி நிதானத்துக்கு வரும்வரை காத்திருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை மட்டும் வேண்டா."